கறுக்காத வண்டுகள்

லோகநாயகி இறந்த செய்தி எனக்கு ஓர் அறை ஒதுக்கீட்டோடு சேர்ந்து வந்தது. நாங்கள் இருவரும் பணிக்காலம் முழுவதையும் கழித்த தானியச் சேமிப்பு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு குரல் தொலைபேசியில் அழைத்தது. மேடம் முந்தாநாள் பாலிகஞ்ச் வீட்டில் காலமாகிவிட்டார். வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கருத்தரங்க அறையில் இரங்கல் கூட்டம். நீங்கள் இரண்டு நிமிடம் பேச வேண்டும். மூன்றரைக்கு அந்த அறை வேறொரு பிரிவுக்கு வேண்டும். இவ்வளவையும் அது ஒரே மூச்சில் சொல்லி முடித்தது.

போனேன். இருபது பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அவர் யார் என்றே தெரியாது. மாலை போட்டிருந்தது அடையாள அட்டைக்காக எடுத்த படத்துக்கு. பெரிதாக்கியதில் முகம் புள்ளி புள்ளியாகப் போயிருந்தது. ஓய்வுபெற்றுச் சென்னையில் வசிக்கும் எங்கள் முன்னாள் இயக்குநர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். 'என்னுடைய ஆராய்ச்சிகளுக்கு அமைதியாக உறுதுணை புரிந்தவர்' என்று அதில் ஒரு வரி. அமைதியாகவாம்! அந்த மனிதரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், தன்னை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்வார். என் முறை வந்தபோது தொண்டை சரியில்லை என்று சைகை காட்டிவிட்டு, கொடுத்த சிங்காரா சமோசாவையும் சந்தேஷ் இனிப்பையும் தின்றுவிட்டு வந்தேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான் என்பது உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.

பிறகு நம் கொல்கத்தாத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுதக் கேட்டார்கள். "கொஞ்சம் உருக்கமா இருக்கட்டும் சார். ரெண்டு பக்கம் போதும். நம்ம லேடீஸுக்கெல்லாம் அவங்களை நல்லாத் தெரியும்" என்றார் மலர்க்குழுக்காரர். உங்களுக்கு அவரை எப்படித் தெரியும் என்பதை நானே சொல்லிவிடுகிறேன்.

கரக்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த ஒரு வேலூர்க்காரரின் மகள் அவர். படித்தது வங்காளப் பள்ளியில். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அது உங்களுக்கு எவ்வளவு பெரிய வேடிக்கையாக இருந்தது! பூச்சியியலில் முனைவர் பட்டம் வாங்கிய பெண்ணிடம் பொங்கல் விழா நோட்டீஸைக் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, அவர் தடுமாறியபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். 'வண்டு டாக்டர்' என்று பெயர் வைத்தீர்கள். கல்யாணம் செய்துகொள்ளாததற்கு ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தீர்கள். பந்தியில் அவர் பக்கத்தில் இடம் கிடைத்தால் கேட்பதற்கு உங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"அரிசியில வண்டு வருதே டாக்டர், என்ன போடறது?"

"வெயில்ல போடுங்க. சோம்பலா இருந்தா அப்படியே பொங்கிச் சாப்பிடுங்க. உங்க பாலிஷ் அரிசியைவிட அந்த வண்டுலதான் சத்து ஜாஸ்தி."

திமிர் பிடித்தவள் என்று சொன்னீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள். அவருக்குத் திமிர் இருந்தது, அதற்கான காரணமும் இருந்தது. உங்களில் பலருக்கு இரண்டாவது கிடையாது.

அவர் என்னுடைய ஆசிரியர் அல்ல. என் வயதுக்காரர்; அவர் விஞ்ஞானி, நான் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்ப அலுவலர். மூன்றாம் அறையில் எங்கள் இரண்டு பேரின் மேசைகளும் எதிரெதிரே இருந்தன. காலையில் மண்குவளையில் தேநீர் வரும். ஒருநாள் அவர் ஒரு அரிசி வண்டை வெள்ளைத் தாளில் விட்டு என் பக்கம் நகர்த்தினார். எள்ளைவிடச் சற்றுப் பெரியது, மூக்கு நீண்டது, நல்ல கறுப்பு.

"இந்தக் கறுப்பு வண்டோடது இல்ல, சாமிநாதன்" என்றார். "உள்ள குடியிருக்கறவன் தச்சுக் குடுத்த சட்டை."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். இந்த வண்டு ஓர் அரிசிக்குள்ளேயே பிறந்து, அதையே தின்று வளர்ந்து, அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அரிசியில் மாவுச்சத்துக்குக் குறைவில்லை. ஆனால் வண்டின் மேலோடு கெட்டிப்பட்டுக் கறுப்பதற்கு வேண்டிய அமினோ அமிலம் அதில் சொற்பம். சில வைட்டமின்களும் அப்படியே. அவற்றைத் தானாகச் செய்துகொள்ள வண்டுக்குத் தெரியாது. அதன் உடம்புக்குள் வாழும் ஒரு பாக்டீரியா செய்து கொடுக்கிறது. தாயிடமிருந்து முட்டைக்குள்ளும் முட்டையிலிருந்து புழுவுக்குள்ளும் அது தலைமுறை தலைமுறையாகக் கூடவே போகிறது. அந்தப் பாக்டீரியா இல்லாத வண்டு சாகாது. மெதுவாக வளரும், வெளுத்துப் பிறக்கும், மேலோடு மெலிந்திருக்கும், பறக்க வராது.

"மாடு புல் திங்குதுன்னு சொல்றோமே, அது பொய்" என்பார். "மாடு மெல்லுது, அவ்வளவுதான். திங்கறது வயித்துல இருக்கற கிருமிங்க. அப்புறம் மாடு அதுங்களையே செரிச்சிக்குது. கரையானும் இதே கதைதான். பயறுச் செடி வேர்ல முடிச்சு முடிச்சா இருக்கே, அதுவும் இதேதான். எல்லாத்தையும் தானே செய்யற பெரிய மனுஷன் எவனும் கிடையாது."

"நல்ல சிநேகிதம்தான்" என்றேன்.

"தூ! சிநேகிதமா? ஓடு கெட்டியானதும் வண்டு தன் வயித்துல இருக்கற அத்தனையையும் காலி பண்ணிடும். பொம்பளை வண்டு முட்டைக்கு வேண்டியதை மட்டும் வச்சிக்கும். என்னா சாமர்த்தியம் பாருங்க!" என்று சொல்லித் தாளைத் தட்டி வண்டைத் திரும்ப ஜாடிக்குள் விட்டார்.

இதையே சங்கத்து ஆண்டு விழாவில் பேச ஒருமுறை அவரைக் கூப்பிட்டார்கள். கரக்பூர்த் தமிழில், நடுநடுவே வங்காளம் கலந்து, கால் மணி நேரம் பேசினார். முன்வரிசையில் பாதிப் பேர் பட்டுப் புடவைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நன்றியுரை சொன்னவர் எங்கள் இயக்குநர். அவர்தான் அப்போது நம் சங்கத்தின் செல்லப்பிள்ளை. மேடை என்றால் முதல் நாற்காலி அவருக்கு. 'இந்த வண்டும் கிருமியும் போலக் கொல்கத்தாத் தமிழர்கள் கூடி வாழவேண்டும்' என்று உருகினார். நீங்கள் கை தட்டினீர்கள். லோகநாயகி எழுந்து ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டார். "பூச்சியை வச்சு மனுஷனுக்குப் புத்தி சொல்லாதீங்க. ரெண்டு பேருக்கும் அவமானம்" என்றார். அதற்குப் பிறகு அவரை மேடைக்குக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

இனி நான் வந்த விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் இயக்குநர் ஒரு பொடி கண்டுபிடித்தார். வேப்பிலையும் ஏதேதோ வேர்களும் அரைத்த பொடி. அதை அரிசியில் கலந்தால் வண்டுகள் ஒழியும் என்று காட்டவேண்டும். எங்கள் அறையை ஒட்டிய வண்டு அறையில் இன்குபேட்டர்கள் இரண்டு இருந்தன. சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் அலமாரிகள் அவை. வண்டுகளுக்கு இருபத்தெட்டு டிகிரி. பொடி கலந்த ஜாடிகளை எல்லாம் இடது அலமாரியிலும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான பொடி கலக்காத ஜாடிகளை வலது அலமாரியிலும் வைக்கச் சொன்னார். இரண்டு வகையையும் இரண்டு அலமாரியிலும் கலந்துதான் வைக்கவேண்டும் என்பது கல்லூரிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். லோகநாயகி சொல்லிப் பார்த்தார். "உங்கள் வேலையைப் பாருங்கள்" என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது.

ஜாடிகளை வைப்பதற்கு முந்தின நாள் விஸ்வகர்மா பூஜை. அன்றைக்கு வங்காளத்தில் இயந்திரங்களுக்கெல்லாம் பூஜை போடுவார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எங்கள் உதவியாளர் நிமாய்தா நுண்ணோக்கி முதல் மின்விசிறி வரை எல்லாவற்றையும் எண்ணெய் போட்டுத் துடைத்து, மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்தார். வலது அலமாரி புதியது, பொத்தான்கள் உள்ளது. நெற்றியில் ஒரு பொட்டோடு தப்பித்தது. இடது அலமாரி பழையது. அதற்குச் சூட்டைக் கூட்டிக் குறைக்கக் குமிழ் ஒன்று உண்டு. துடைத்த துடைப்பில் குமிழ் திரும்பிவிட்டது. எண்களின்மேல் சந்தனக் குங்குமம் அப்பிக் காய்ந்துவிட்டது. பூஜைப் பொட்டை அடுத்த வருடம்வரை யாரும் அழிக்கமாட்டார்கள். அழித்தால் நிமாய்தா ஒரு வாரம் பேசமாட்டார்.

நிமாய்தாவைக் குறை சொல்லமாட்டேன். கதவைத் திறந்து உள்ளே இருக்கும் வெப்பமானியைத் தினமும் பார்த்துப் பதிவேட்டில் எழுதவேண்டியது என் வேலை. நான் பார்ப்பதில்லை. 28 என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். முந்தைய நாளும் 28 என்றுதானே இருக்கிறது! எங்கள் நிலையம் மகாளய அமாவாசையன்று தூங்கப் போய், துர்க்கை, லட்சுமி, காளி எல்லோரும் வந்து போனபின், அண்ணன் தம்பிகளுக்கு அக்காள் தங்கைகள் பொட்டு வைக்கும் பாய் ஃபோண்டாவும் முடிந்த பிறகுதான் கண் விழிக்கும். எனக்குக் கும்பகோணத்துக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ரயிலுக்குப் போகும் அவசரத்தில் அந்த மாதம் முழுவதற்கும் முன்கூட்டியே 28, 28, 28 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு ஹவுராவுக்கு டாக்சி பிடித்தேன்.

திரும்பி வந்த அன்று காலையில் இடது அலமாரியின் கதவைத் திறந்தேன். முகத்தில் அடித்த சூட்டிலேயே தெரிந்துவிட்டது. வெப்பமானி முப்பத்தைந்து காட்டியது. அறையில் வேறு யாரும் இல்லை. குமிழைத் திருப்பி வைத்தேன். குங்குமம் விரலில் ஒட்டிக்கொண்டது, கர்சீப்பில் துடைத்துக்கொண்டேன். அன்றைக்கும் 28 என்று எழுதினேன்.

பொடி போட்ட ஜாடிகளில் வண்டுகள் சாகவில்லை. வெளுத்துப் பிறந்தன. வைக்கோல் நிறம், மெலிந்த ஓடு, ஒரு வாரமாகியும் கறுக்கவில்லை. வலது அலமாரியில் எல்லாம் வழக்கமான கறுப்பு. இயக்குநர் துள்ளிக் குதிக்காத குறை. தன் பொடி வண்டின் ஓட்டையே உருக்கிவிட்டது என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினார். சூடு மாறவே இல்லை என்பதற்கு ஆதாரம் என் பதிவேடு. 'உங்கள் பதிவேடுதான் இதற்கு முதுகெலும்பு' என்று என்னைத் தட்டிக்கொடுத்து, கட்டுரையில் மூன்றாவது பெயராக என் பெயரைப் போட்டார். அச்சில் என் பெயர் வந்தது அதுவே முதல் தடவை. அந்தக் கட்டுரையின் நகலை வீட்டு வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டினேன். சிரிக்கலாம், நீங்கள் சிரித்துப் பழகியவர்கள்தானே.

லோகநாயகி வெளுத்த வண்டுகளை அறுத்துப் பார்த்தார். முட்டை உருவாகும் கருவகத்தில் பாக்டீரியாவே இல்லை. பிறகு பொடியே படாத வண்டுகளை எடுத்து, ஒரு மாதம் முப்பத்தைந்து டிகிரியில் வைத்து வளர்த்தார். அதே வெளுத்த பிள்ளைகள் பிறந்தன. அந்தச் சூட்டில் வண்டு பிழைத்துக்கொள்கிறது, உள்ளே குடியிருப்பது செத்துப்போகிறது. இது அவர் புதிதாகக் கண்டதும் அல்ல. எங்கள் நூலகத்துப் பழைய சஞ்சிகைகளிலேயே இருந்ததை எடுத்துக் காட்டினார். அவற்றின்மேல் இருந்த தூசியைப் பார்த்தால் யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் பதிவேட்டைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்து வைத்தார்.

"சாமிநாதன், இந்த வரி துர்க்காஷ்டமி. அன்னிக்கு ஆபீஸே பூட்டி இருந்துச்சு. நீங்க கும்பகோணத்துல இருந்தீங்க. யார் வந்து பார்த்தது?"

நான் பேனாவை மூடித் திறந்தேன்.

"அதை விடுங்க. அதை நான் எங்கயும் எழுதப்போறதில்ல. லீவு முடிஞ்சு வந்து கதவைத் தொறந்தீங்கல்ல? அப்ப எவ்வளவு இருந்துச்சு? அது ஒண்ணை மட்டும் எழுதிக் குடுங்க. ஒரு வரி போதும். அந்தப் பொடியைக் கிடங்கு கிடங்கா அனுப்பப் போறாங்க. ஜனங்க திங்கற அரிசி."

எனக்கு மனதுக்குள் என்னென்னவோ ஓடியது. மெமோ வரும். கட்டுரையிலிருந்து பெயர் போகும். சட்டத்துக்குள் மாட்டியதை என்ன செய்வது? இதெல்லாம் ஒரு மனிதன் கவலைப்படுகிற விஷயங்களா என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

"பதிவேட்டுல இருபத்தெட்டுன்னுதான் இருக்கு, மேடம்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அறுத்த வண்டை நுண்ணோக்கியில் பார்க்கிறபோதும் அப்படித்தான் பார்ப்பார். பிறகு பதிவேட்டை மூடினார்.

"சரி, சார்" என்றார்.

அதுவரை நான் அவருக்குச் சாமிநாதன். அன்றிலிருந்து கடைசிவரை சார். எதிரெதிர் மேசையில் எத்தனையோ வருடங்கள், எத்தனையோ மண்குவளைகள். ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அதை மரியாதை என்று நினைத்தார்கள். நானும் வீட்டில் அப்படித்தான் சொல்லிவைத்தேன்.

அவர் எழுதிய மறுப்பைச் சாட்சி இல்லாத பொறாமை என்று மேலிடத்தில் ஒதுக்கித் தள்ளிவிட்டார்கள். பொடி கிடங்குகளுக்குப் போனது. அங்கே வண்டுகள் அதைச் சட்டை செய்யவே இல்லை. கன்னங்கரேலென்று கொழுத்துத் திரிந்தன. அரிசி மட்டும் கசந்தது. நீங்கள் என்ன செய்தீர்கள்? இயக்குநருக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். அவர் பையில் கொண்டுவந்த இலவசப் பொட்டலங்களுக்கு வரிசையில் நின்றீர்கள். கசந்த சோற்றை ஒரு வருடம் சாப்பிட்டீர்கள். டப்பாவைத் திறந்தால் வண்டு மேய்கிறது, ஆனாலும் உங்களில் ஒருவராவது வாயைத் திறந்து பொடி வேலை செய்யவில்லை என்று சொன்னீர்களா? பெரிய மனிதர் கொடுத்த பொடி ஆயிற்றே. அப்போதும் லோகநாயகியிடம் போய், "என்ன போடறது டாக்டர்?" என்று கேட்டீர்கள். அவர் அப்போதும் வெயிலில் போடச் சொன்னார்.

பொடியை ஓசைப்படாமல் நிறுத்திவிட்டார்கள். தவறு என்று யாரும் எழுதவில்லை. இயக்குநர் பதவி உயர்ந்து சென்னைக்குப் போனார். லோகநாயகியின் வண்டு அறையைக் கணினி அறையாக்கினார்கள். அவர் தன் ஜாடிகளை மாடிப்படிக்குக் கீழே வைத்துக்கொண்டு ஓய்வுபெறும்வரை வேலை செய்தார். சேர்ந்தபின் கிடைத்த ஒரே பதவி உயர்வோடு ஓய்வு பெற்றார். பிரிவுபசாரத்தில் அவருக்குக் கொடுத்தது ஒரு சுவர்க் கடிகாரம். அது ஓடவில்லை என்பதை அங்கேயே சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

சென்ற மழைக்காலத்தில் அவருக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு, நியூ டவுனில் என் மகன் வீட்டிலிருந்து பஸ் பிடித்து, தேங்கிய தண்ணீரில் நடந்து பாலிகஞ்ச் போய்ச் சேர்ந்தேன். மிகவும் இளைத்திருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தை உட்கார்ந்தவுடனே சொல்லிவிட்டேன்.

"மேடம், அன்னிக்கு முப்பத்தஞ்சு இருந்துச்சு."

"தெரியும் சார். முப்பத்தஞ்சு இருந்தாத்தான் அப்படிப் பொறக்கும். எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், வண்டுக்குத் தெரியும். தெரியாதவங்களுக்குச் சொல்லத்தானே உங்களைக் கேட்டேன்."

"இப்ப எழுதித் தரேன் மேடம். என்ன வேணும்னாலும் எழுதித் தரேன்."

"எனக்கு எதுக்கு? தெரிஞ்சவகிட்டயே வந்து சொல்லிட்டு, பாரம் எறங்கிடுச்சுன்னு போகப் பார்க்கறீங்களா? தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க, சார்." சொல்லிவிட்டு வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு, வந்தவருக்குத் தேநீர் கொடுக்கச் சொல்லி வங்காளத்தில் சொன்னார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகும் மூன்று மாதம் இருந்தார். அந்த மூன்று மாதமும் நான் யாரிடமும் சொல்லவில்லை. இரங்கல் கூட்டத்தில் இரண்டு நிமிடம் கொடுத்தார்கள், அப்போதும் சொல்லவில்லை. இந்த மலர் மட்டும்தான் மிச்சம். எனவே, உருக்கமாக எழுதச் சொன்னவர்கள் மன்னிக்கவும். விடுமுறை முடிந்து நான் கதவைத் திறந்தபோது இடது இன்குபேட்டரின் வெப்பமானி முப்பத்தைந்து டிகிரி காட்டியது. திருப்பி வைத்தவன் நான். பதிவேட்டில் அந்த மாதத்துக்கு எழுதியிருந்த அத்தனை இருபத்தெட்டும் பொய். லோகநாயகி எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அவர் என்மேல் வைத்திருந்த இகழ்ச்சி ஒன்றுதான். இறந்தவர்கள் எல்லோரையும் மன்னித்துவிட்டுப் போகிறார்கள் என்று எழுதுவது வழக்கம். அவர் மன்னிக்கவில்லை. மன்னித்ததாக யாரும் என்னிடம் ஆறுதல் சொல்ல வரவேண்டாம். என் உத்தியோக வாழ்க்கையில் எனக்கு நியாயமாகக் கிடைத்தது அது ஒன்றுதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.